அக்னி மூலையைப் பார்க்கும் குடை: வீட்டுக்கு ஃப்ரீ டிஷ் ஆன்டெனா வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகப்பட்டினம் பக்கத்தில் பல வருடமாக மொட்டை மாடி ஏறி இறங்கி டிஷ் கட்டி வருகிறேன். மாதாமாதம் ரீசார்ஜ் போட்டு அலுத்துப்போய், "தூர்தர்ஷன் இலவச டிஷ்ஷே போதும்" என்று முடிவெடுத்தவர்கள்தான் இப்போது அதிகமாகக் கூப்பிடுகிறார்கள். போனில் ஒரே கேள்விக்குப் பத்து தடவை பதில் சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. இதில் வரும் திசைக் கணக்கெல்லாம் தமிழ்நாட்டுக்கு மட்டும். டெல்லியில் இருக்கும் சித்தப்பாவுக்கு இதை அனுப்பி டிஷ்ஷைத் திருப்பச் சொல்லாதீர்கள்.

மாடியில் பழைய மீன்முள் ஆன்டெனா இருக்கிறது. அதிலேயே டிஜிட்டல் டிவி வராதா?

வராது. அந்த ஆன்டெனா தரையில் இருக்கும் டவரிலிருந்து வரும் அலையைப் பிடிப்பதற்கானது. தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் டவர்களை வரிசையாக மூடிக்கொண்டே வந்து, மிகச் சில இடங்களைத் தவிர மற்றவற்றை 2022 மார்ச் 31-க்குள் முடித்துக்கொண்டது. டவரிலிருந்தே டிஜிட்டலாக அனுப்பும் சேவையை 2016 பிப்ரவரியில் 16 நகரங்களில் தொடங்கினார்கள், சென்னையும் அதில் ஒன்று. ஆனால் அதை நம்பி இன்று யாரையும் ஆன்டெனா வாங்கச் சொல்ல மாட்டேன். வீட்டு டிவிக்கு இலவசமாக டிஜிட்டல் ஒளிபரப்பு வேண்டும் என்றால் நம் ஊரில் கைகொடுப்பது செயற்கைக்கோள்தான், அதற்கு வேண்டியது டிஷ்தான்.

மீன்முள்ளைக் கழற்றும்போது பல வீடுகளில் பெரியவர்கள் சும்மா விடுவதில்லை. எங்கள் கரையோர ஊர்களில் அதைத் தெற்கே திருப்பி வைத்து இலங்கை ரூபவாஹினி பார்த்த தலைமுறை அது. கிரிக்கெட் அன்று குழாயைப் பிடித்துக்கொண்டு மாடியிலேயே நிற்க ஒரு பையன் தேவைப்படுவான். சரி, கதையை விடுங்கள். ஆன்டெனாவை எடைக்குப் போடுங்கள், அந்த இரும்புக் குழாயை மட்டும் போட்டுவிடாதீர்கள். துருப்பிடிக்காமல் நேராக நின்றால் டிஷ் கட்ட அதுவே ஆகும்.

ஆன்லைனில் "4கே எச்டி ஆன்டெனா, மாதக் கட்டணம் இல்லை" என்று தட்டையாக ஒரு பொருள் விற்கிறதே?

தாளைப் போல மெல்லிசாக, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டும் மாதிரி இருக்கும், அதுதானே? அது அமெரிக்கா போன்ற நாடுகளுக்கானது. அங்கே ஊருக்கு ஊர் டவரிலிருந்து பல சேனல்கள் டிஜிட்டலாக வருகின்றன, ஜன்னலில் ஒட்டினால் படம் தெரியும். பொருளில் குறை இல்லை. நம் காற்றில் அது பிடிப்பதற்கு அநேகமாக ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். எத்தனை கிலோமீட்டர் தூரம் பிடிக்கும் என்று அட்டையில் போட்டிருந்தாலும் வாங்க வேண்டாம்.

"எச்டி டிஷ்" என்று தனியாக விலை சொல்லும் கடைக்காரரையும் நம்ப வேண்டாம். டிஷ் என்பது வளைந்த தகரம். படம் எச்டியா இல்லையா என்பது அனுப்புகிறவர் கையிலும், டிவிக்குப் பக்கத்தில் வைக்கும் செட்டாப் பெட்டியின் கையிலும் இருக்கிறது.

ஃப்ரீ டிஷ்ஷில் என்னென்ன வரும்?

2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய சேவை இது. தூர்தர்ஷனின் எல்லா மொழிச் சேனல்களும் வரும். நம்முடைய பொதிகை, 2024 ஜனவரியிலிருந்து டிடி தமிழ் என்ற பெயரில் வருகிறது. கூடவே ஆகாசவாணி வானொலிகள், மத்திய அரசின் கல்விச் சேனல்கள், ஏலத்தில் இடம் பிடித்த தனியார் சேனல்கள். தனியாரில் இந்திதான் அதிகம். பெரிய கட்டணச் சேனல்களின் சாயங்காலத் தொடர்களை மனதில் வைத்துக்கொண்டு இதை வாங்கினால் வீட்டில் சண்டைதான் வரும். வாங்கும் முன் வீட்டில் ரிமோட் யார் கையில் இருக்கிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

டிஷ், எல்என்பி (டிஷ் குவிக்கும் அலையை வாங்கும் கருவி), பெட்டி, ஒயர் எல்லாம் சேர்த்து சுமார் 2,000 ரூபாய்க்குள் முடியும். அதற்குப் பிறகு மாதச் செலவு கிடையாது.

60 சென்டிமீட்டர், 75, 90 என்று மூன்று அளவு சொல்கிறார்கள். எதை வாங்குவது?

தமிழ்நாட்டில் எங்கே இருந்தாலும் 60 போதும், வெயில் நாளில். மழை நாள்தான் கேள்வி.

டிஷ் பிடிக்கும் சக்தி அதன் பரப்பளவைப் பொறுத்தது, விட்டத்தைப் பொறுத்தது அல்ல. 60-ஐ விட 75 பார்வைக்குக் கொஞ்சம்தான் பெரிசு, ஆனால் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல். 90 என்றால் இரண்டேகால் மடங்கு. அந்த அதிகப்படி சக்தி சாதாரண நாளில் உங்கள் கண்ணுக்கே தெரியாது, படம் ஒன்றும் கூடுதல் பளிச்சென்று ஆகிவிடாது. டிஜிட்டலில் படம் வந்தால் முழுசாக வரும், இல்லையென்றால் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். பெரிய டிஷ் கொடுப்பது மழைக்கான சேமிப்பு. கருமேகம் திரண்டதும் 60-இல் படம் போய்விடும் நேரத்தில், 75-இல் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். அதுதான் வித்தியாசம்.

அப்படியானால் எல்லோரும் 90 வாங்கலாமே? இரண்டு காரணத்துக்காக வேண்டாம் என்பேன். ஒன்று, டிஷ் பெரிதாக ஆக அதன் பார்வை குறுகும். 60 டிஷ்ஷின் பார்வை அகலம் ஏறக்குறைய 3 டிகிரி, 90-க்கு 2 டிகிரிதான். திருப்பி வைப்பது கஷ்டம், கொஞ்சம் அசைந்தாலும் படம் போய்விடும். இரண்டாவது, காற்று. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நேராக அடிக்கும் காற்று 60 டிஷ்ஷை சுமார் 15 கிலோ பாரத்துக்குச் சமமாகத் தள்ளும். 90 டிஷ்ஷில் அது 35 கிலோ. அந்த அடியை உங்கள் கைப்பிடிச் சுவர் தாங்குமா?

என் வழக்கம் இது. உள் மாவட்டம் என்றால் 60. வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கும் கரையோரம் என்றால், ஸ்டாண்டு பலமாக இருக்கும் பட்சத்தில் 75. 90 கேட்பவரிடம் மட்டும் ஏன் என்று திருப்பிக் கேட்பேன். "பக்கத்து வீட்டில் 75 இருக்கிறது" என்று ஒருவர் சொன்னதுண்டு.

அந்தக் காலத்து எட்டடி டிஷ் வேறு வகை. அது சி பேண்டு என்ற வேறு அலைவரிசைக்கானது, இதற்குத் தேவையில்லை.

எந்தத் திசையில் திருப்ப வேண்டும்?

ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 என்ற இந்தியச் செயற்கைக்கோளிலிருந்து. 2015 நவம்பரில் ஏவப்பட்ட அது, பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கு 93.5 டிகிரி தீர்க்கரேகையில் நிற்கிறது. நம் ஊரெல்லாம் 77-க்கும் 80-க்கும் நடுவில் இருக்கிறது. ஆகவே கோள் நமக்குக் கிழக்கிலும் இருக்கிறது, தெற்கிலும் இருக்கிறது. தென்கிழக்கு. வாஸ்து பார்த்துக் கட்டிய வீடென்றால் அடுப்படி எந்த மூலையோ அந்த மூலை. நான் போனில் "அக்னி மூலை" என்றுதான் சொல்வேன், உடனே புரிந்துகொள்கிறார்கள்.

திசைகாட்டியில் வடக்கை 0 என்று வைத்து எண்ணினால் சென்னைக்கு 134 டிகிரி, நாகைக்கு 128, திருச்சிக்கு 125, கோவைக்கு 123, மதுரைக்கு 122, கன்னியாகுமரிக்கு 116. தெற்கே போகப் போக டிஷ் இன்னும் கிழக்கே திரும்பும். போனில் இருக்கும் திசைகாட்டியே போதும், ஆனால் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் பொய் சொல்லும். நாலடி தள்ளி நில்லுங்கள்.

உயரக் கோணம் தமிழ்நாடு முழுக்க 67 முதல் 70 டிகிரி. கிட்டத்தட்ட உச்சி. இங்கேதான் புதிதாகக் கட்டுகிறவர்கள் ஏமாறுகிறார்கள். 68 டிகிரி என்றதும் டிஷ்ஷை வானத்தைப் பார்த்து மல்லாத்திவிடுகிறார்கள். நம் வீட்டு டிஷ்ஷில் எல்என்பி நடுவில் இல்லை, கீழே நீட்டிய கையின் நுனியில் இருக்கிறது. அப்படிப்பட்ட டிஷ் தன் முகம் பார்க்கும் கோணத்தை விட சுமார் 25 டிகிரி மேலே பார்க்கும். அதனால் முகத்தை 43 டிகிரி அளவுக்கு நிமிர்த்தினாலே அது 68-ஐப் பார்த்துக்கொண்டிருக்கும். பார்ப்பதற்கு எதிர்வீட்டு மாடியை முறைப்பது போல இருந்தாலும் பார்வை மேலேதான். பின்பக்கம் டிகிரி எழுதிய தகடு இருந்தால் அந்தக் கழிவைப் போட்டுத்தான் அச்சடித்திருப்பார்கள். அதில் 68 வைத்தால் போதும், குழாய் செங்குத்தாக இருக்கும்வரை. கொத்தனாரிடம் தூக்குக் குண்டு வாங்கிக் குழாயைச் சரிபாருங்கள், ரசமட்டம் இருந்தாலும் சரி. குழாய் சாய்ந்திருந்தால் தகட்டில் உள்ள எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

பக்கத்தில் தென்னை மரம் இருக்கிறது. மறைக்குமா?

உயரக் கோணம் பெரிது என்பதால் நமக்கு இதில் அதிர்ஷ்டம். டிஷ்ஷை விட 10 மீட்டர் உயரமாக ஒரு மரம் நின்றால்கூட, தென்கிழக்கில் 4 மீட்டருக்குள் இருந்தால்தான் மறைக்கும். அதற்கு அப்பால் என்றால் அலை மரத்துக்கு மேலேயே வந்துவிடும். தென்னை ஓலை வீசி ஆடும் அகலத்தை மட்டும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சந்தேகம் தீர ஒரு வழி. மார்ச் மாதம் நடுவில், காலை 11.15-ஐ ஒட்டி, சூரியன் நம் பார்வைக்கு அந்தச் செயற்கைக்கோள் இருக்கும் இடத்துக்கே வந்து நிற்கும். செப்டம்பர் கடைசியிலும் அப்படித்தான், 11 மணியை ஒட்டி. அந்த நேரத்தில் நீங்கள் டிஷ் வைக்க நினைக்கும் இடத்தில் வெயில் விழுந்தால் தடை ஏதும் இல்லை. நிழல் விழுந்தால் அந்த நிழல் எதனுடையதோ அதுதான் தடை.

மார்ச்சில் சில நாள் பகல் 11 மணிக்கு மட்டும் படம் போகிறது. பெட்டியில் கோளாறா?

மேலே சொன்ன அதே சூரியன்தான். கோளுக்கு நேர் பின்னால் அது வந்து நிற்கும்போது அதன் இரைச்சலில் கோளின் மெல்லிய அலை மூழ்கிவிடும். சில நிமிடம் போகும், தானாக வரும், சில நாள் இப்படி இருந்துவிட்டு நின்றுவிடும். மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். நான் வந்து சேரும்போது படம் ஓடிக்கொண்டிருக்கும், வந்த கூலியைக் கேட்க எனக்கும் சங்கடம்.

ஏற்கெனவே ஒரு கட்டண டிடிஎச் டிஷ் மாடியில் சும்மா கிடக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?

தாராளமாக. தகரத்துக்குக் கம்பெனி தெரியாது. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு கோளைப் பார்க்கிறது, ஆகவே திருப்ப வேண்டியிருக்கும், அவ்வளவுதான். டாடா பிளே 83 டிகிரி, டிஷ் டிவி 95, ஏர்டெல் 108. நம் மாநிலத்தில் அதிகம் கிடப்பது சன் டைரக்ட் டிஷ். ஜிசாட்-15-இலேயே சன் டைரக்ட் ஒளிபரப்பும் இருப்பதால், அந்த டிஷ் கிடைத்தால் முதலில் எதையும் தொடாமல் ஒயரை மட்டும் ஃப்ரீ டிஷ் பெட்டியில் மாட்டிச் சேனல் தேடிப் பாருங்கள். வந்துவிட்டால் ஏணி ஏறும் வேலையே மிச்சம். வராவிட்டால் கொஞ்சம் அசைக்க வேண்டியிருக்கும்.

நான்கைந்து வருடம் மழை வெயிலில் கிடந்த டிஷ் என்றால் மூன்றைப் பாருங்கள். முகம் எங்காவது நசுங்கியிருக்கிறதா? அலையின் நீளமே மூன்று சென்டிமீட்டருக்குக் குறைவு, கைப்பிடி அளவுக்குப் பள்ளம் இருந்தாலே அலை சிதறும். குரங்கு தொங்கி வளைத்த டிஷ்ஷை நிமிர்த்த முயல வேண்டாம், தூக்கிப் போடுங்கள். அடுத்து எல்என்பி தாங்கும் கை வளைந்திருக்கிறதா, பின்பக்க போல்ட் துரு ஏறி இறுகிவிட்டதா என்று பாருங்கள். முகத்தில் பெயின்ட் உரிந்திருப்பது ஒரு குறையே அல்ல.

எல்என்பி என்றால் என்ன? எதை வாங்குவது?

டிஷ் ஒரு கண்ணாடி மாதிரி. அது குவித்துக் கொடுக்கும் அலையை வாங்கி, ஒயரில் பயணம் செய்யக்கூடிய குறைந்த அலைவரிசைக்கு மாற்றிக் கீழே அனுப்புவது எல்என்பி. ஆன்டெனாவில் உயிருள்ள பகுதி அதுதான்.

"யுனிவர்சல்" என்று எழுதி, 9750/10600 என்று எண் போட்டிருப்பதை வாங்குங்கள். அந்த எண்ணைப் பெட்டியின் மெனுவிலும் அப்படியே வைக்க வேண்டும். பழைய கம்பெனி டிஷ்ஷில் வேறு வகை எல்என்பி இருக்கலாம், அப்போது டிஷ் சரியாகத் திரும்பியிருந்தாலும் ஒன்றும் வராது. 0.1 டிபி என்று (எல்என்பி சேர்க்கும் இரைச்சலின் அளவு அது) கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். எல்லா எல்என்பியிலும் அதையேதான் போடுகிறார்கள். நான் பார்ப்பது முன்பக்க மூடியைத்தான். அது கெட்டியாக, இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஏன் மூடியைச் சொல்கிறேன் என்றால், போன வருடம் வேளாங்கண்ணிக்குப் பக்கத்தில் ஒரு வீடு. வெயில் நாளில் படம் வரும், ராத்திரி பனி இறங்கினால் போய்விடும். ஏற்கெனவே ஒருவர் வந்து பெட்டி போய்விட்டது என்று புதிது மாட்டிக் காசு வாங்கிப் போயிருக்கிறார். மேலே ஏறிப் பார்த்தால் எல்என்பி மூடியில் மயிரிழை போல ஒரு விரிசல், ஓரம் வெயிலில் மொரமொரவென்று உதிர்கிறது. கழற்றிக் கவிழ்த்தேன், அரைக் கரண்டி தண்ணீர் கொட்டியது. குழலுக்குள் குளவி மண் கூடு வேறு. எல்என்பி மாற்றிய அன்று ராத்திரியே அந்த அம்மா போன் பண்ணினார், "தம்பி, பனி இறங்கிருச்சு, படம் ஓடுது" என்று.

ஒயர் எது வேண்டுமானாலும் போடலாமா?

கூடாது. கேபிள் டிவிக்காரர் விட்டுப்போன மெல்லிசு ஒயரைப் போட்டுப் பார்ப்பவர்கள் ரொம்பப் பேர். ஆர்ஜி-6 என்று எழுதிய 75 ஓம் கோஆக்சியல் ஒயர்தான் வேண்டும். ஒரே துண்டாக எல்என்பியிலிருந்து பெட்டிவரை போகட்டும், நடுவில் முடிச்சுப் போட்டு டேப் சுற்றிய இடம்தான் ஆறு மாதத்தில் கறுத்துப்போகும். எல்என்பிக்கு வேண்டிய 13 அல்லது 18 வோல்ட் மின்சாரமும் இதே ஒயரில்தான் மேலே போகிறது. ஆகவே ஒயரைத் திருகும் முன் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வெளிப்பின்னலின் ஒரு நூலிழை நடுக்கம்பியைத் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும்.

எல்என்பிக்குக் கீழே ஒயரை ஒரு வளையம் தொங்கவிட்டுக் கட்டுங்கள். மழைத் தண்ணீர் ஒயர் வழியாக ஓடி அந்த வளையத்தின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் போகாது. சுவரில் ஓட்டை போட்டு உள்ளே இழுக்கும்போதும் ஓட்டையை வெளிப்பக்கம் சாய்வாகப் போட வேண்டும். இதையெல்லாம் செய்ய ஐந்து ரூபாய் செலவு இல்லை, ஆனால் நான் பார்க்கிற பாதி ரிப்பேர் இதைச் செய்யாததால் வருவதுதான்.

பெட்டியில் "ஸ்ட்ரெங்த்" 90 காட்டுகிறது, ஆனால் படம் இல்லை. ஏன்?

ஸ்ட்ரெங்த் கோட்டைப் பார்க்கவே பார்க்காதீர்கள். எல்என்பிக்குக் கரன்ட் போய், ஒயர் நன்றாக இருந்தாலே அது ஏறி நிற்கும். டிஷ் வானத்தில் எங்கே பார்த்தாலும் 80, 90 காட்டும். படத்தைத் தீர்மானிப்பது அதற்குக் கீழே இருக்கும் "குவாலிட்டி". அது பூஜ்யம் என்றால் கோள் கிடைக்கவில்லை.

தேடும் விதம் இது. மெனுவில் ஃப்ரீ டிஷ்ஷின் 11090, செங்குத்து (மெனுவில் V), 29500 (சிம்பல் ரேட்) என்ற அலைவரிசையைத் திறந்து வையுங்கள், பெட்டியில் பெரும்பாலும் இது ஏற்கெனவே இருக்கும். மேலே உயரக் கோணத்தை 68-இல் நிறுத்தி, டிஷ்ஷைக் கிழக்கிலிருந்து தெற்குப் பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். மெதுவாக என்றால் உண்மையிலேயே மெதுவாக. 60 டிஷ்ஷின் விளிம்பு அரை சென்டிமீட்டர் நகர்ந்தாலே ஒரு டிகிரி போய்விட்டது. பெட்டி அலையைப் பிடித்துக்கொள்ள இரண்டு மூன்று நொடி ஆகும். விரல் அகலம் நகர்த்தி, கையை எடுத்து, மூன்று எண்ணி, அப்புறம் அடுத்தது.

கீழே டிவி முன்னால் ஒருவர் போனோடு இருக்க வேண்டும். "வருதா?" "வரல." "இப்ப?" "வரல." "இப்ப?" "ஏ, நில்லு நில்லு, அறுபது காட்டுது!" நில்லு என்ற சொல் மேலே வந்து சேருவதற்குள் கை இன்னொரு விரல் நகர்ந்திருக்கும். அதனால் வீடியோ கால் போட்டு டிவி திரையையே காட்டச் சொல்வது நல்லது. அறுபது வந்ததும் போல்ட்டை அரைகுறையாக இறுக்கி, உயரத்தை இம்மி இம்மியாக மாற்றி அதிகபட்சம் எங்கே என்று பாருங்கள். கடைசியாக எல்என்பியை அதன் பிடிக்குள் இடமும் வலமுமாகத் திருகுங்கள். நம் ஊர்களில் இந்தத் திருகல் நிறைய வித்தியாசம் காட்டும், இதை விட்டுவிட்டுத்தான் "குவாலிட்டி நாப்பதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது" என்பார்கள்.

குவாலிட்டி வந்தும் சேனல் பெயர்களுக்குப் பக்கத்தில் எல்லாம், கட்டணச் சேனல் என்று காட்டும் டாலர் குறி இருந்தால் பெரும்பாலும் பக்கத்துக் கோளைப் பிடித்திருக்கிறீர்கள். 95 டிகிரியில் நிற்கும் கோள் ஒன்றரை டிகிரி தள்ளித்தான் இருக்கிறது.

மழை வந்தால் ஏன் போகிறது? என்ன செய்தால் போகாது?

இந்த அலை மழைத்துளியில் மாட்டிக்கொண்டு பாதி உறிஞ்சப்படும், பாதி சிதறும். கோளுக்கும் டிஷ்ஷுக்கும் நடுவில் நிற்கும் மழையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அதனால்தான் உங்கள் வீட்டில் தூறல்கூட இல்லாமல் தென்கிழக்கில் மட்டும் கறுத்திருக்கும்போதே படம் உடைய ஆரம்பிக்கும். அடைமழையில் எந்த வீட்டு டிஷ்ஷும் போகும், முழுசாகத் தடுக்க வழியில்லை. ஆனால் சாதாரணத் தூறலுக்கே போகிறதென்றால் அது மழையின் குற்றம் இல்லை. டிஷ் உச்சபட்சக் குவாலிட்டியில் நிற்கவில்லை என்று அர்த்தம். பெரிய டிஷ் வாங்கும் முன் இருப்பதைத் திருத்திப் பாருங்கள்.

அபார்ட்மென்டில் மாடிக்கு விட மாட்டேன் என்கிறார்கள். பால்கனியில் வைக்கலாமா?

பால்கனி தென்கிழக்கைப் பார்க்க வேண்டும், அது முதல் நிபந்தனை. கிழக்குப் பால்கனியோ தெற்குப் பால்கனியோ இருந்தால் மூலையில் முயன்று பார்க்கலாம். சங்கடம் தலைக்கு மேலே இருக்கிறது. கோள் கிட்டத்தட்ட உச்சியில் நிற்பதால் மேல் வீட்டுப் பால்கனித் தளம் மறைத்துவிடும். தளம் டிஷ்ஷுக்கு 2 மீட்டர் மேலே இருந்தால், தளத்தின் விளிம்பிலிருந்து முக்கால் மீட்டருக்குள் டிஷ் முழுசும் இருந்தாக வேண்டும். அதாவது கைப்பிடிக் கம்பியை ஒட்டி, முடிந்தால் சற்று வெளியே தள்ளி. வெளியே தள்ளினால் கீழே நடக்கிறவர் தலை ஞாபகம் இருக்கட்டும். கம்பியில் வெறும் கட்டுக்கம்பி சுற்றி நிறுத்தாதீர்கள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே வைத்துப் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள், வராது.

இரண்டு டிவிக்கு இரண்டு டிஷ் வேண்டுமா?

ஒரு டிஷ் போதும். இரண்டு வாய் உள்ள ட்வின் எல்என்பி வாங்கி, ஒவ்வொரு பெட்டிக்கும் தனி ஒயர் இழுங்கள். கேபிள் டிவியில் செய்வது போல ஒரே ஒயரைப் பிரிப்பானில் பிரிக்க வேண்டாம். ஒரு பெட்டி கேட்கும் வோல்டேஜும் இன்னொன்று கேட்பதும் மோதிக்கொள்ளும்.

புது டிவியில் "சாட்டிலைட்" என்று ஒரு துளை இருக்கிறது. அப்படியானால் பெட்டி வேண்டாமா?

டிவிக்குள்ளேயே ட்யூனர் இருக்கிறது என்று அர்த்தம். எல்என்பி ஒயரை அதில் மாட்டி, கோள் பட்டியலில் 93.5-ஐத் தேர்ந்தெடுத்துத் தேடினால் திறந்த சேனல்கள் நேரடியாக வந்துவிடும். பெட்டிக் காசு மிச்சம், ரிமோட்டும் ஒன்றுதான்.

கடலோரம் இருக்கிறோம். துருவும் புயலும்?

2018 நவம்பரில் கஜா புயல் வந்துபோன பிறகு எங்கள் பக்கம் டிஷ்கள் பக்கத்துத் தெரு வயலில் கிடந்தன. தகரம் கிழிந்து போனவை கொஞ்சம்தான். பெரும்பாலானவை ஸ்டாண்டோடு, அந்த ஸ்டாண்டைப் பிடித்திருந்த செங்கல்லோடு பிடுங்கிக்கொண்டு போனவை. பூச்சுக் காரையில் இரண்டு அங்குல ஆணி அடித்தால் அப்படித்தான் ஆகும். கான்கிரீட் தளத்தில் நான்கு ஆங்கர் போல்ட் போடுங்கள். கைப்பிடிச் சுவரின் தலையில் வைக்காமல் தளத்தில் தாழ வையுங்கள். உயரத்தில் வைத்தால் சிக்னல் கூடும் என்பது மீன்முள் காலத்து நம்பிக்கை. 36,000 கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதற்கு உங்கள் பத்தடி ஒரு பொருட்டே இல்லை. வானம் தெரிந்தால் போதும். தாழ இருந்தால் சுவரே காற்றை மறைக்கும், ஏணியும் வேண்டாம்.

போல்ட்டுகளுக்கு வருடம் ஒரு தடவை கிரீஸ் தடவுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை திருப்ப ஹாக்ஸா பிளேடு வேண்டியிருக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் டிஷ் இருக்கும் திசையைக் குழாயில் பெயின்டால் கோடு போட்டுக் குறித்துவிட்டு, டிஷ்ஷை மட்டும் கழற்றி உள்ளே வையுங்கள். திரும்ப மாட்டும்போது கோட்டுக்குக் கோடு வைத்தால் கால் மணி வேலை. இடி இடிக்கும்போது மாடிக்குப் போகாதீர்கள், ஒயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கி வையுங்கள்.

ஏப்ரல் பிறந்ததும் பாதிச் சேனலைக் காணோம். டிஷ் திரும்பிவிட்டதா?

தனியார் சேனல்கள் பல ஏலத்தில் எடுக்கும் இடம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரைக்கும். ஏலம் எடுக்காதது போய்விடும், புதிது ஒன்று அதே இடத்தில் வந்து உட்காரும். டிடி தமிழ் தெளிவாக ஓடினால் டிஷ் நகரவில்லை. மெனுவில் போய் ஆட்டோ ஸ்கேன் கொடுங்கள். ஸ்கேன் முடிந்ததும் சேனல் நம்பர் எல்லாம் மாறியிருக்கும், வீட்டில் பெரியவர்களுக்கு அவர்கள் பார்க்கிற நான்கு நம்பரை ஒரு தாளில் எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் அதற்கும் எனக்குத்தான் போன் வரும்.